நான் டீ குடிக்கப் போன நேரம்

மே 4

அன்புக் குட்டிக்கு,

இங்கே நானும் வாலுவும் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் "டியூட்டி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்கிறேன். அதற்கும் பொய்தான் சொல்வாய்.

உன் கல்லூரியிலேயே மருத்துவம் படிக்க இடம் கிடைத்துவிட்டதை வாலுவே உனக்குப் போனில் சொல்லிவிட்டாள். நீ போட்ட கூச்சல் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இடம்வரை கேட்டது. அதற்குப் பிறகு என் மகள் செய்ததை உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர் வாரியத்தில் வேலை பார்க்கும் என் வீட்டிலேயே தண்ணீர் இப்படி வீணாகிறது. கதவைத் தட்டினால், "அப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பாரு?" என்று உள்ளேயிருந்தே கேட்கிறாள். "படியேறிப் போ, லிஃப்ட நம்பாதேன்னு சொல்லியிருப்பாரு" என்றேன். அழுகையோடு அழுகையாகச் சிரித்தாள். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்த்துக் கொடுத்த மனிதர், தான் மட்டும் மூச்சு வாங்கப் படியேறித்தான் போவார். உன் அண்ணனை எனக்குத் தெரியாதா, உனக்குத்தான் தெரியாதா.

போனில்தான் எல்லாம் பேசியாகிவிட்டதே, இன்னும் எதற்குக் கடிதம் என்பாய். போனில் நீ டாக்டர். "ம், சொல்லுங்க, சரி, அப்புறம்" என்று நோயாளியை விசாரிப்பதுபோல் பேசுவாய். காகிதத்தில்தான் எனக்குக் குட்டி கிடைக்கிறாள்.

அவள் உன் வீட்டில் தங்கிப் படிப்பது என்பது அத்தையும் மருமகளும் எப்போதோ போட்டுவிட்ட திட்டம். பெற்றவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். வேறு யார் வீடாக இருந்தாலும் அனுப்பமாட்டேன். எனக்கு மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான், அது உனக்கே தெரியும்.

இன்னொரு விஷயம். நீ அப்போது வேலை பார்த்த பழைய ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். உறுப்பு தானம் செய்த குடும்பங்களுக்கு நன்றி சொல்ல ஒரு கூட்டமாம். போகலாமா வேண்டாமா என்று இருக்கிறது. நாலு வருஷமாக அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் ஆபீஸ் போகிறேன். உன் அண்ணனுக்கு மூளைக்குள் ரத்தம் கசிந்து, மூளை செத்துவிட்டது என்று இரண்டு பெரிய டாக்டர்கள் தனித்தனியாகச் சோதித்துச் சொன்னபோது என் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. மூச்சு போய் வருகிறது, கை சூடாக இருக்கிறது, செத்துப்போனார் என்றால் எப்படி ஏறும்? நீ என் முன்னால் தரையில் உட்கார்ந்து, "அண்ணி, அண்ணன் போயிட்டான். மூச்சு மெஷினோடது" என்றாய். அப்போதுதான் ஏறியது. கிட்னியைக் கொடுக்கலாம் என்றாய், கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்வரை அவர் கையை விடுவதில்லை என்று உட்கார்ந்திருந்தேன். நீதான் வம்படியாக எழுப்பி டீ குடிக்க அனுப்பினாய். திரும்பி வந்தால் கம்பியில் புதிதாக ஒரு சின்னப் பை தொங்குகிறது. "மருந்தா ஏத்துறீங்க? அப்ப உயிர் இருக்கா?" என்று கத்தினேன். நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு, "வெறும் உப்புத்தண்ணி அண்ணி, உடம்பு காயாம இருக்க. நீங்க கைய விடுங்க" என்றாய். விட்டேன். நீ சொன்னதால்தான் விட முடிந்தது.

சொந்த அண்ணனைப் பறிகொடுத்த நேரத்தில், அண்ணி ஒரு வாய் டீ குடித்தாளா என்று பார்க்க யாருக்குத் தோன்றும்? அந்த ஒரு டீக்காகவே உன்னை நம்பி வாலுவை ஒப்படைக்கலாம்.

பதில் போடு. நாலு வரி போதும் என்று தப்பித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அண்ணி


மே 12

அன்புள்ள அண்ணிக்கு,

நாலு வரியில் தப்பித்துக்கொள்ளமாட்டேன், பயப்படாதீர்கள். சாப்பிடுகிறேன். உண்மையாகவே சாப்பிடுகிறேன். மதியச் சாப்பாடு சாயங்காலம் நடக்கிறது, அவ்வளவுதான்.

வாலுவுக்கு ஜன்னல் பக்க அறையைக் காலி செய்துவிட்டேன். இதுவரை அதில் என் பழைய புத்தகங்களும் ஓடாத சைக்கிள் ஒன்றும் குடியிருந்தன. சுவருக்கு வெளிர்நீலம் அடித்தாயிற்று. பெயின்ட்காரர் "குழந்தை ரூமா மேடம்?" என்று கேட்டார். பதினெட்டு வயசுக் குழந்தை என்றேன். திரைச்சீலைக்கு நீங்களே துணி எடுத்துத் தைத்து அனுப்புங்கள்; எனக்கு அந்த ரசனை கிடையாது என்று அண்ணன் ஆயுசு முழுக்கக் கேலி செய்தான். ஆனால் பாத்திரம், பண்டம் என்று ஒரு வண்டி சாமான் ஏற்றி அனுப்பினால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.

இங்கே இன்னொரு பேச்சு ஓடுகிறது. எங்கள் துறைத் தலைவர் ஓய்வு பெறுகிறார். அடுத்தது நான்தான் என்கிறார்கள். நடந்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன், உங்களிடம் எதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்தக் கூட்டத்துக்குப் போகாதீர்கள் அண்ணி. மேடையில் ஏற்றி, கையில் ஒரு கேடயத்தைக் கொடுத்து, நீங்கள் அழும்போது போட்டோ எடுப்பார்கள். நன்றி சொல்வது அவர்களுக்காக, உங்களுக்காக அல்ல. ஆறின இடத்தை எதற்குக் கீறிக்கொள்ள வேண்டும்? அந்த நேரத்தில் பெட்டி அடுக்குங்கள்.

அந்த டீயையும் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறீர்கள். படிக்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

என் வீட்டில் இப்போது என்னோடு பேசுவது மைக்ரோவேவ் மட்டும்தான். வாலுவைச் சீக்கிரம் அனுப்பிவையுங்கள்.

உங்கள்
குட்டி


மே 26

அன்புக் குட்டிக்கு,

நீ வேண்டாம் என்று சொல்லியும் போனேன். கோபித்துக்கொள். வாலுதான், "ஒரு தடவ போய்ட்டு வந்துருவோம்மா, அப்புறம் நானும் ஊர்ல இருக்கமாட்டேன்" என்றாள்.

பெரிய கூட்டம் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள், கரகரக்கும் ஒரு மைக். கிட்னி வாங்கிக்கொண்ட ஒருவர் பேசினார், நம்முடையது இல்லை, வேறு யாருடையதோ. புதுக் கிட்னி முதலில் வேலையே செய்யவில்லையாம். அது எப்போது விழிக்கும் என்று, ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாராம். முதல் தடவை தானாகச் சிறுநீர் போனபோது வார்டில் எல்லோரும் கைதட்டினார்களாம். அதைச் சொல்லும்போது மனிதர் குழந்தை மாதிரி வெட்கப்பட்டார். நானும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நீ சொன்ன மாதிரி யாரும் போட்டோ எடுக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் அன்றைக்கு வார்டில் இருந்த நர்ஸ் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். சங்கிலி போட்ட கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கண்ணாடியைக் காணோம் என்று தேடுவாளே, அவளேதான். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லிஃப்ட் மெக்கானிக் சார் வீட்டம்மாதானே? உங்க நாத்தனார் மாதிரி ஒருத்திய நான் பாத்ததில்லம்மா. கூடப்பொறந்த அண்ணனையே ஆராய்ச்சில சேத்தாங்க. அந்த மருந்து விஷயத்துல அவங்க அண்ணனுக்காகச் செஞ்சத எந்தத் தங்கச்சி செய்வா?"

"எந்த மருந்து?" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. கழுத்திலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னை ஒருமுறை பார்த்தாள். "டாக்டரம்மா சொல்லலையா? அவங்களையே கேட்டுக்குங்கம்மா" என்றாள். அதற்குள் யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

உன்னைக் கேட்கிறேன். என்ன ஆராய்ச்சி? உயிரில்லாத மனிதருக்கு எதற்கு மருந்து? மருந்து என்றால் பிழைக்க வைப்பதற்குத்தானே கொடுப்பார்கள்? அன்றைக்கு நான் கத்தியதும் இதையேதான். நீ உப்புத்தண்ணீர் என்றாய்.

இருபது வருஷமாக நான் உட்கார்ந்திருப்பது புகார் மேசையில். சுற்றி வளைத்துப் பேசுபவர்களைக் கேட்டுக் கேட்டுக் காது பழகிப்போயிற்று. நீ என்னிடம் சுற்றி வளைக்காதே. அந்தச் சின்னப் பையில் இருந்தது என்ன?

பெட்டி பாதியில் நிற்கிறது. திரைச்சீலை தைத்துவிட்டேன்.

அண்ணி


ஜூன் 1

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை டியூட்டி அறையில் நின்றுகொண்டே படித்தேன். உட்காரத் தோன்றவில்லை. இதற்காகத்தான் போகவேண்டாம் என்றேன்.

எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன். ஆராய்ச்சி நடந்தது உண்மை. மூளை இறந்த பிறகு உடம்பு தனக்குள்ளேயே சண்டை போட ஆரம்பிக்கும். உள்ளே எல்லாம் வீங்கிச் சிவந்து கொதிக்கும். அதில் கிட்னியும் அடிபடும். இன்னொருவருக்கு வைத்த பிறகு, நீங்கள் கூட்டத்தில் கேட்டீர்களே, அந்த மாதிரி வேலை செய்யாமல் தூங்கும். தானம் கொடுப்பவர் உடம்புக்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுத்தால் அந்தக் கொதிப்பு அடங்கும், வாங்கிக்கொள்பவருக்குக் கிட்னி உடனே விழிக்கும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அது இறந்தவரைப் பிழைக்க வைக்கிற மருந்து இல்லை அண்ணி. அவர் கொடுக்கப்போகும் உறுப்பைக் காப்பாற்றுகிற மருந்து.

எதிர்பார்ப்பது வேறு, தெரிந்துகொள்வது வேறு. பாதிப் பேருக்குக் கொடுத்து, பாதிப் பேருக்குக் கொடுக்காமல், இரண்டு பக்கத்துக் கிட்னியும் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். யாருக்குக் கொடுப்பது என்று நாங்கள் முடிவு செய்யக்கூடாது; எங்கள் ஆசை அதில் கலந்துவிடும். அதனால் கம்ப்யூட்டர் சீட்டுப் போடும். மருந்து என்று வந்தால் கொடுக்கவேண்டும், இல்லை என்று வந்தால் கொடுக்கக்கூடாது. இறந்தவர்களைப் பற்றியது என்பதால் குடும்பத்தைத் தனியாகக் கேட்கவேண்டியதில்லை என்று ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுக்கும் குழு சொல்லிவிட்டது. உங்களிடம் நான் சொல்லியிருக்கலாம். நீங்கள் இருந்த நிலையில் வாய் வரவில்லை. அது என் தப்புதான், மன்னித்துவிடுங்கள்.

ஆனால் நீங்கள் பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. அண்ணனுக்கு விழுந்தது மருந்து இல்லாத சீட்டு. என் அண்ணன்மேல் ஆணையாகச் சொல்கிறேன், அவன் பெயருக்கு எதிரே வந்தது "இல்லை" என்றுதான். இனி அதைப் போட்டு மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நர்ஸுகள் ஆயிரம் கேஸ் பார்ப்பவர்கள். ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வது சகஜம்.

வெளிர்நீலம் நன்றாக வந்திருக்கிறது. மேசை விளக்கு ஒன்று வாங்கினேன்.

உங்கள்
குட்டி


ஜூன் 7

என் தங்கக் குட்டிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு பாடு அழுதேன். இது வேறு அழுகை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. வாலுவுக்கும் வாசித்துக் காட்டினேன். "பாத்தியா, அத்தையப் போய்ச் சந்தேகப்பட்டியே" என்று இரண்டு நாளாக என்னைக் குத்திக்காட்டுகிறாள். வாங்கிக்கட்டிக்கொண்டேன். எனக்கு வேண்டியதுதான்.

நீ ஆணையிட்டுச் சொல்லும் அளவுக்கு உன்னைக் கொண்டுபோய் விட்டேனே என்றுதான் வெட்கமாக இருக்கிறது. அவர் இருந்திருந்தால், "எந்தங்கச்சிய நிக்க வச்சுக் கேள்வி கேக்குறியா?" என்று இரண்டு நாள் என்னோடு பேசியிருக்கமாட்டார். அண்ணன் தங்கச்சி நடுவில் நான் என்றைக்கு ஜெயித்திருக்கிறேன்? ஒன்று சொல்கிறேன் குட்டி. மருந்து இருந்த சீட்டாக இருந்து, நீ அதை அன்றே என்னிடம் சொல்லியிருந்தாலும், யோசித்துப் பார்த்தால், சரி என்றுதான் சொல்லியிருப்பேன். யாரோ ஒருவர் மெஷினைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்காமல் இருப்பார் இல்லையா.

கண்ணாடி நர்ஸைத்தான் சும்மா விடப்போவதில்லை. அவள் தெருவில் குழாயில் சேறு வருகிறதாம். ஆபீசுக்குப் போன் போட்டாள், மேசைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வரட்டும். எந்தக் கேஸை எந்தக் கேஸோடு சேர்த்தாய் என்று கேட்டு, கண்ணாடியை மாற்றச் சொல்லி அனுப்புகிறேன்.

பெட்டி மூடியாயிற்று. வாலு அதன்மேல் ஏறி உட்கார்ந்துதான் மூட முடிந்தது. ஒரு வண்டி சாமான் இல்லை, முக்கால் வண்டிதான். துறைத் தலைவர் ஆனதும் முதல் ஆளாக எனக்குச் சொல்.

அன்புடன்,
உன் முட்டாள் அண்ணி


ஜூன் 15

குட்டிக்கு,

நர்ஸ் வந்தாள். கையில் ஒரு பாட்டில் சேற்றுத் தண்ணீர். புகாரைப் பதிந்துகொண்டேன். பிறகு சிரித்துக்கொண்டே கேட்டேன், "என்னம்மா, ஆளையே மாத்திட்ட? எங்க வீட்டுக்காரருக்கு மருந்து இல்லாத சீட்டுதான் விழுந்துச்சாமே?"

"ஆமாம்மா, சீட்டு அப்படித்தான் விழுந்துச்சு" என்றாள். அதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. குழாய் உடையவில்லை என்று வந்து சொல்லும் ஆளிடம், அது சரி, தண்ணீர் வருகிறதா என்று கேட்டே பழகிவிட்டேன். "அப்ப அந்தச் சின்னப் பை?" என்றேன்.

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களைப் பக்கத்து மேசைக்குப் போகச் சொல்லிவிட்டு நர்ஸை உட்கார வைத்தேன்.

"உங்களுக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சுதாம்மா அன்னைக்கு வாயத் தொறந்தேன். சீட்டுல இல்லன்னு வந்துச்சு. டாக்டரம்மா அதையே பாத்துக்கிட்டு நின்னாங்க. 'என் அண்ணனுக்கு இல்லன்னு சொல்ல இது யாரு?'ன்னாங்க. அப்புறம் என்னப் பாத்து, 'அண்ணிய டீ குடிக்க அனுப்பிடறேன், நீ மருந்த எடுத்துட்டு வா'ன்னாங்க. உப்புத்தண்ணில கலந்து அவங்க கையாலயே போட்டாங்க. அழுதுக்கிட்டேதாம்மா போட்டாங்க. அதனாலதான் நானும் யார்கிட்டயும் மூச்சு விடல."

குட்டி, உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். எவ்வளவு நீளம். உடம்புக்குள் நடக்கும் சண்டையிலிருந்து மேசை விளக்குவரை எல்லாம் இருக்கிறது. பை என்ற ஒரு வார்த்தை இல்லை. நான் கேட்டது அந்த ஒன்றைத்தான். நீ உன் அண்ணன்மேல் ஆணையிட்டது சீட்டைப் பற்றி. பையைப் பற்றி ஆணையிட உனக்கே நாக்கு எழவில்லை போலிருக்கிறது. இதைப் பொய் என்று சொல்லவும் முடியாதபடி எழுதியிருக்கிறாய். நேரே பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. உட்கார்ந்து, யோசித்து, வார்த்தை பார்த்து என்னை ஏமாற்றியிருக்கிறாய். நான் அதைப் படித்துவிட்டு உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன். என் மகளைக் கூப்பிட்டு வைத்து வாசித்தும் காட்டினேன்.

அந்த டீயைச் சொல்கிறேன், கேள். ஆஸ்பத்திரி கேண்டீனில் ஓரத்து மேசையில் உட்கார்ந்து குடித்தேன். ஆறிப்போன டீ. இந்த நேரத்திலும் குட்டி என்னை நினைத்தாளே என்று நினைத்துக்கொண்டு, நீ சொன்னதற்காகவே ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அந்த நேரத்தில் நான் அவர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அவரோடு எனக்கு மிச்சமிருந்த நேரமே அவ்வளவுதான். அதிலிருந்து நீ திருடிக்கொண்டாய். நாலு வருஷம் அந்தத் திருட்டுக்கு நான் உனக்கு நன்றி எழுதிக்கொண்டிருந்தேன். நீயும் வாங்கிக்கொண்டிருந்தாய்.

கேட்டால் போதாதா? "அண்ணி, ஒரு மருந்து இருக்கு, போடட்டுமா?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

இதற்குப் பதில் எழுது.

அண்ணி


ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

ஆமாம். போட்டேன். நர்ஸ் சொன்னது எல்லாம் உண்மை.

கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். மருந்து என்ற வார்த்தையைக் கேட்டிருந்தால் நீங்கள் கையை விட்டிருக்கமாட்டீர்கள். பிழைத்துவிடுவார் என்று நினைத்து எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பீர்கள். பையைப் பார்த்ததற்கே எப்படிக் கத்தினீர்கள் என்பதை மறந்துவிட்டீர்களா? மூன்று நாளாகத் தூங்காமல் நின்றுகொண்டிருந்தேன். உங்களுக்குப் புரியவைக்கும் தெம்பு எனக்கு இல்லை.

அந்தச் சீட்டில் "இல்லை" என்று பார்த்தபோது எனக்கு என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அந்த வீட்டுக்குள் வருவதற்கு முன்பே அவன் எனக்கு அண்ணன். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன். அவனில் மிச்சமிருக்கப்போவது அந்தக் கிட்னிகள் மட்டும்தான். அவையும் யாரோ ஒருவருக்குள் போய்த் தூங்கிக் கிடக்கட்டும் என்று எப்படி விடுவேன்? மற்றவர்களுக்கெல்லாம் சீட்டு சொன்னபடிதான் செய்தேன். அவன் ஒருவனுக்கு முடியவில்லை.

ஒன்று தெரியுமா அண்ணி, ஆராய்ச்சியின் முடிவு வந்துவிட்டது. மருந்து கொடுத்த பக்கமும் கொடுக்காத பக்கமும் ஒன்றுதான். கிட்னி தூங்குவதும் விழிப்பதும் இரண்டிலும் ஒரே மாதிரிதான். நான் போட்டதால் லாபமும் இல்லை, கெடுதலும் இல்லை. அண்ணனுக்கு வலித்திருக்கவும் வாய்ப்பில்லை. அப்படியிருக்க, நடந்ததை இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா?

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். இது உங்களுக்கும் எனக்கும் நடுவிலேயே இருக்கட்டும். நர்ஸிடமும் சொல்லிவையுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பாள். துறைத் தலைவர் நியமனம் அடுத்த மாதம். சீட்டை மீறி ஆராய்ச்சியைக் கெடுத்தேன் என்று வெளியே தெரிந்தால், பதவி மட்டும் இல்லை, வேலையே போய்விடும். நாளைக்கு வாலுவும் இதே இடத்தில்தான் படிக்கப்போகிறாள், அவளுக்கும் நான் உதவியாக இருக்கவேண்டும் இல்லையா.

அவளிடம் எதுவும் சொல்லவேண்டாம். சின்னப் பெண். ஸ்டேஷனுக்கு நானே வந்து கூட்டிக்கொள்கிறேன்.

உங்கள்
குட்டி


ஜூன் 29

டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் பயப்படவேண்டாம். இருபது வருஷமாக ஊரார் புகாரை எல்லாம் எழுதியிருக்கிறேன், இதை எழுதமாட்டேன். நர்ஸிடம் நான் எதுவும் சொல்லிவைக்கப்போவதில்லை. பேசுவதும் பேசாமல் இருப்பதும் அவள் இஷ்டம்.

வாலுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் கடிதங்களையும் கொடுத்தேன். சின்னப் பெண்ணாகவே இருந்தாலும் அது அவள் அப்பா. படித்துவிட்டு மடித்து என்னிடமே திருப்பித் தந்தாள். பிறகு, "நீ விட்டப்ப அப்பா கை சூடா இருந்துச்சாம்மா?" என்று கேட்டாள். சூடாகத்தான் இருந்தது என்றேன்.

அவள் அதே கல்லூரியில்தான் படிப்பாள். விடுதியில் இடம் வாங்கியாயிற்று. நீங்கள் ஸ்டேஷனுக்கு வரவேண்டாம், நானே கொண்டுபோய் விடுகிறேன். அறைக்கு வர்ணம் அடித்த சிரமத்துக்கு வருந்துகிறேன். திரைச்சீலையை விடுதி ஜன்னலுக்கு ஏற்றபடி வெட்டித் தைத்துக்கொண்டேன்.

கிட்னிக்கு லாபமும் இல்லை, கெடுதலும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நல்லது. எனக்கு வந்த கெடுதல் எது என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். என் கணவர் இறந்துவிட்டார் என்று அன்றைக்கு இரண்டு டாக்டர்கள் சொன்னார்கள். நான் அவர்களை நம்பவில்லை. தரையில் உட்கார்ந்து நீங்கள் சொன்னீர்கள், உங்களைத்தான் நம்பினேன். அன்றைக்கு நீங்கள் சொன்னவற்றில் ஒன்று பொய் என்றால், மற்றது என்ன என்று நான் யாரிடம் போய்க் கேட்பது? இரண்டு வாரமாக எனக்குத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் அந்தக் கைச்சூடுதான்.

அதனால் அந்த இரண்டு பேரில் பெரியவரைத் தேடிக்கொண்டு போனேன். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். என்னை ஞாபகம் இல்லை; அவர் கையெழுத்துப் போட்ட பழைய காகிதத்தைக் காட்டினேன். நான் சொல்லச் சொல்லப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. என்னென்ன சோதித்தார்கள், கண்ணில் விளக்கடித்தது, மெஷினை நிறுத்தி மூச்சு வருகிறதா என்று காத்திருந்தது, இன்னொரு டாக்டர் வந்து அதையே மறுபடி செய்தது, எல்லாவற்றையும் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கடைசியில், "ஆமாம்மா, அவரு அதுக்கு முன்னாடியே போயிட்டாரு. நீங்க கைய விட்டதுல தப்பே இல்ல" என்றார். நாலு வருஷம் கழித்து அவர் இறந்த செய்தியை இரண்டாம் தடவை கேட்டேன். இந்தத் தடவை நம்புகிறேன்.

அங்கேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவர் பதறிப்போய், உள்ளே பார்த்து டீ கொண்டுவரச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணனின் மனைவி